ரிட்டையர் ஆகும் வயதில் லே ஆஃப்: அவசரத்தில் செய்துவிடும் தவறுகள்

அந்த வீடியோ கால் மொத்தமே 12 நிமிடம். எனக்கு அப்போது 61 வயது. மேனேஜர் தலை நிமிராமல், ஆட்குறைப்பில் என் வேலை போகிறது என்று எழுதி வைத்திருந்ததை வாசித்து முடித்தார். ரோஷத்தில் நான் சொன்னது இதுதான்: “பரவாயில்லை, இந்த வருஷம் நானே ரிட்டையர் ஆகலாம் என்றுதான் இருந்தேன்.” கூட இருந்த எச்ஆர் அம்மா உடனே கேட்டார்: “அப்படியானால் ரிட்டையர்மென்ட் என்றே பதிவு செய்துகொள்ளலாமா?”

யோசித்துச் சொல்கிறேன் என்று ஏதோ ஒரு நல்ல நேரத்தில் சொல்லிவிட்டேன். அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர் இந்த வயதை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது, மானத்தைக் காப்பாற்ற அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடாதீர்கள் என்பதுதான். வேலையில்லாதோருக்கான உதவித்தொகை, தன் தவறில்லாமல் வேலை போனவர்களுக்கானது. தானாக ரிட்டையர் ஆனவருக்குப் பொதுவாக அது கிடைக்காது. வேலையை விட்டு அனுப்பும்போது கம்பெனி தரும் செவரன்ஸ் தொகையும் கைநழுவலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வயதும் சர்வீஸும் சேர்ந்து ரிட்டையர்மென்ட் தகுதி வந்தவர்களுக்கு மட்டும், இன்னும் கைக்கு வராத ஸ்டாக்கைத் தொடர்ந்து தரும் கம்பெனிகள் இருக்கின்றன. போனஸில் பங்கு, ஓய்வுக்கால மருத்துவக் காப்பீடு ஆகியவையும் சில இடங்களில் உண்டு. லே ஆஃப் செய்யப்பட்டாலும் அந்தத் தகுதி செல்லுமா என்பது அந்தந்தத் திட்டத்தின் விதியைப் பொறுத்தது. ஆகவே என்னை எந்தக் காரணத்தின் கீழ் பதிவு செய்கிறீர்கள், ஸ்டாக், போனஸ், பென்ஷன், காப்பீடு ஒவ்வொன்றும் என்ன ஆகும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலும் எழுத்தில் வரட்டும்.

அடுத்தது, செவரன்ஸ் ஒப்பந்தத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போடுவது. வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுத்தால்தான் பெரும்பாலும் அந்தப் பணம் வரும். 40 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள் வயதுப் பாகுபாட்டுக்காக வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால், யோசிக்க 21 நாள் தர வேண்டும் என்று 1990இல் வந்த சட்டம் சொல்கிறது. கூட்டமாக ஆட்குறைப்பு செய்தால் 45 நாள். கையெழுத்துப் போட்ட பிறகும் 7 நாளுக்குள் திரும்பப் பெறலாம். கூட்டக் குறைப்பில் இன்னொரு தாளும் வரும்: யார் யார் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள், யார் தப்பினார்கள் என்ற பதவி, வயதுப் பட்டியல். பெயர்கள் இருக்காது. எனக்கு வந்த பட்டியலில் போனவர்களின் வயதை விரல் வைத்து வரிவரியாகப் பார்த்தேன். 58, 60, 57, 61. அப்புறம்தான் தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனேன். பணத்தைக் கூட்டிக் கேட்பதைவிட கடைசித் தேதியைத் தள்ளிக் கேட்பது சுலபம் என்று அவர் சொன்னார். அடுத்த ஸ்டாக் தவணையோ ரிட்டையர்மென்ட் தகுதியோ சில வாரங்களில் இருந்தால் அந்தத் தேதிதான் பணம்.

மருத்துவக் காப்பீட்டில் நடக்கும் தவறு வாழ்நாள் முழுக்கத் தொடரும். வேலை போனதும் 18 மாதம் வரை பழைய காப்பீட்டையே கோப்ரா என்ற சட்டத்தின் மூலம் வைத்துக்கொள்ளலாம். கம்பெனியின் பங்கையும் சேர்த்து நாமே கட்ட வேண்டும் என்பதால் பிரீமியத்தைப் பார்த்ததும் திக்கென்றிருக்கும். 65 ஆகாதவர்கள், வேலைவழிக் காப்பீடு நின்ற 60 நாளுக்குள் அரசின் காப்பீட்டுச் சந்தையிலும் விலை பார்க்கலாம். 65 ஆனவர்கள்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். அந்த வயதினருக்கான அரசு மருத்துவக் காப்பீடு மெடிகேர்; அதில் டாக்டர் செலவுக்கான பகுதி பார்ட் பி. கோப்ரா இருக்கிறதே, பார்ட் பி மெதுவாக எடுக்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். மெடிகேர் கணக்கில் கோப்ரா என்பது வேலையோடு சேர்ந்த காப்பீடே இல்லை. வேலை நின்றதிலிருந்து 8 மாதம்தான் அவகாசம். தவறினால், தாமதமான ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் பிரீமியம் 10 சதவீதம் கூடும், அதுவும் பார்ட் பி இருக்கும் காலம் வரைக்கும். கணவருக்கு 66, மனைவிக்கு 60 என்றால் அவர் மெடிகேருக்குப் போய்விட்டு, மனைவி மட்டும் கோப்ராவை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பேரும் ஒன்றையே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கம்பெனி வழியாகச் சேர்த்த ஓய்வுக்காலச் சேமிப்பான 401கே பணத்தை உடனே ஐஆர்ஏ என்ற தனிநபர் ஓய்வுக்காலக் கணக்குக்கு மாற்றச் சொல்லி ஆலோசகர்கள் போன் செய்வார்கள். 55 முதல் 59½ வயதுக்குள் இருப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். 55 வயது ஆகும் வருஷத்திலோ அதற்குப் பிறகோ வேலையை விட்டவர், அந்தக் கம்பெனியின் 401கேயிலிருந்து, 59½ வயதுக்கு முன் எடுத்தால் வழக்கமாக வரும் 10 சதவீத அபராதம் இல்லாமல் பணம் எடுக்கலாம். வருமான வரி மட்டும் உண்டு. ஐஆர்ஏவுக்கு மாற்றிவிட்டால் மாற்றிய பணத்துக்கு இந்தச் சலுகை போய்விடும். 401கேயில் கடன் பாக்கி இருந்தால் அதையும் முதல் வாரத்திலேயே விசாரியுங்கள்.

கடைசியாக, அரசு மாதந்தோறும் தரும் ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டிக்குப் பதற்றத்தில் விண்ணப்பிப்பது. 1960இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு முழுத் தொகை 67 வயதில். 62இலேயே எடுத்தால் 30 சதவீதம் குறைவு. 67க்குப் பிறகு காத்திருந்தால் 70 வரை ஆண்டுக்கு 8 சதவீதம் கூடும். வேறு வழியில்லாமல் எடுப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன், வீட்டுச் செலவு காத்திருக்காது. ஆனால் செவரன்ஸ் பணம் கையில் இருக்கும்போதே பயத்தில் எடுக்காதீர்கள். எடுத்த பிறகு மனம் மாறினால், 12 மாதத்துக்குள் ஒரே ஒரு முறை விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம். அதுவரை வாங்கியதையெல்லாம் திருப்பிக் கட்ட வேண்டும். துணைவருக்கு உங்கள் கணக்கில் வந்த பணமும் அதில் சேரும்.