மீன் கெடுவதைக் காட்டும் சங்குப்பூத் தாள்

கடல்மீனின் தசையில் ட்ரைமெதிலமீன் ஆக்சைடு என்னும் மணமற்ற சேர்மம் இயல்பாகவே இருக்கிறது. மீன் இறந்தபின் பெருகும் பாக்டீரியாக்கள் அதை ட்ரைமெதிலமீனாக மாற்றுகின்றன. கெட்டுவரும் மீனின் வாடைக்கு முதன்மையான காரணம் அதுவே. இந்த ஆவியும், புரதம் சிதையும்போது பிறக்கும் அம்மோனியாவும் காரத்தன்மை உடையவை என்பதால், காரம் பட்டால் நிறம் மாறும் தாளொன்றை டப்பாவின் மூடிக்குள் ஒட்டிவைத்தால் உள்ளே நடப்பதைத் திறக்காமலே கவனிக்கலாம்.

மஞ்சளிலும் சிவப்பு முட்டைக்கோஸிலும் இத்தகைய தாளைச் செய்ய முடியும். ஆனால் மஞ்சள் தாள் செம்பழுப்பாக மாறுவதற்குக் காரம் சற்று வலுவாக இருக்க வேண்டும். வெளிச்சத்தில் அது விரைவாக வெளிறியும் விடும். வேலியில் படரும் நீலச் சங்குப்பூவே வீட்டு முயற்சிக்கு ஏற்றது என்பது என் கருத்து. அதன் ஆந்தோசயனின் நிறமிகள் அமிலத்தில் ஊதாவாகவும், நடுநிலையில் நீலமாகவும், காரத்தில் பச்சையாகவும் தோன்றுகின்றன.

இருபது பூக்களின் பச்சைக் காம்புப் பகுதியை நீக்கி, இதழ்களை மட்டும் 100 மில்லி சூடான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து வடிகட்டவும். நீரைக் கொதிக்கவிட வேண்டாம். நீடித்த வெப்பம் நிறமியைச் சிதைக்கும். ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் சற்றுக் காரமாக இருப்பதால், சுத்திகரித்த நீரோ காய்ச்சி வடித்த நீரோ நல்லது. ஆய்வகப் பொருள் கடைகளில் கிடைக்கும் வெள்ளை வடிதாளை அந்தச் சாற்றில் சில நிமிடங்கள் அமிழ்த்தி, நிழலில் உலர்த்தி, விரலகலப் பட்டைகளாக வெட்டி, காற்றுப் புகாத உறையில் இருட்டான இடத்தில் வைக்கவும். சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் தொடக்க நிறம் அழகிய ஊதாவாக அமையும். ஆயினும் வரும் காரத்தின் முதல் பகுதியை அந்த அமிலமே விழுங்கிவிடுவதால் எச்சரிக்கை தாமதமாகும்.

பயன்படுத்தும் முன் ஒரு பட்டையில் எலுமிச்சைச் சாற்றையும், இன்னொன்றில் சமையல் சோடா கரைசலையும் துளி விட்டுப் பார்த்தால் தாள் வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும். பின்பு, ஒளி ஊடுருவும் மூடியின் உட்புறத்தில், மீனைத் தொடாதவாறு ஒரு பட்டையை ஒட்டவும். மீனின் ஈரம் பட்டால் சாயம் கசிந்துவிடும். முற்றிலும் உலர்ந்த தாளிலோ ஆவி சரியாகக் கரையாது. ஆகவே ஒட்டும்போது ஒரு துளி நீரால் நனைத்தால் போதும். ஒப்பிடுவதற்காக, மீன் இல்லாத வெற்று டப்பா ஒன்றிலும் அதே போன்ற பட்டையை ஒட்டிக் குளிர்பெட்டியில் பக்கத்திலேயே வைத்து, இரண்டையும் பகல் வெளிச்சத்தில் பார்க்கவும். நீலம் பச்சையை நோக்கி நகரத் தொடங்கினாலே அந்த மீனை ஒதுக்கிவிடுவது நன்று.

எல்லா மீனுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. சுறா, திருக்கை ஆகியவற்றின் உடலில் யூரியா மிகுதி என்பதால் அம்மோனியா விரைவில் எழுந்து தாள் முந்திக்கொண்டு மாறும். கட்லா, ரோகு போன்ற நன்னீர் மீன்களில் ட்ரைமெதிலமீன் ஆக்சைடு மிகக் குறைவு என்பதால் மாற்றம் பிந்தும். எலுமிச்சையோ புளியோ தடவிய மீனுக்கு இந்தத் தாள் பயன்படாது. அமிலம் ட்ரைமெதிலமீன் போன்ற காரச் சேர்மங்களை ஆவியாகாத உப்புகளாக மாற்றிப் பிடித்துக்கொள்கிறது. பாலின் புளிப்பையும் மூடியில் ஒட்டிய தாளால் அறிய இயலாது, ஏனெனில் லாக்டிக் அமிலம் எளிதில் ஆவியாவதில்லை.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி ஆகியவற்றில் தனிக் கவனம் தேவை. குளிர்ச்சியின்றிக் கிடந்தால் இவற்றில் உருவாகும் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருள் ஆவியாகாது, சமைத்தாலும் அழியாது. ஆகவே இம்மீன்கள் வெயிலில் நேரம் கழித்தவை என்று தெரிந்தால், தாள் நீலமாகவே இருந்தாலும் அவற்றை உண்ணக் கூடாது.