கணக்கு அடைபட்டால் எப்படிக் கேட்பது, யாரிடம் கேட்பது

"சேர், இந்தக் கணக்கு வருகுதில்லை" என்று கொப்பியை நீட்டினால், அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தானே செய்து தருவார். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வரிகளோடு தெரியாத அந்த ஒரு வரியும் கலந்து போய்விடும். உயர்தர இணைந்த கணிதத்தில் அட்சரகணிதமோ திரிகோணகணிதமோ அடைபட்டால், முழுக் கணக்கையும் கேட்காதீர்கள். அடைபட்ட வரியைக் கேளுங்கள்.

அதற்கு முதல், வினா சரியா என்று பாருங்கள். போட்டோக்கொப்பி ரியூட்டுகளில் (வகுப்பில் தரும் பயிற்சித் தாள்களில்) ஓர் அடுக்கோ குறியோ பிழையாக அச்சாகியிருப்பது புதிதல்ல. நிறுவச் சொன்னது சர்வசமன்பாடு, அதாவது எல்லாக் கோணத்துக்கும் பொருந்தும் சமன்பாடு, என்றால் இரண்டு பக்கத்திலும் 30 பாகையைப் பிரதியிடுங்கள். பெறுமானங்கள் வேறுபட்டால் வினாவே பிழை, அதை யாராலும் நிறுவ முடியாது. 0 பாகையை எடுக்க வேண்டாம். "சைன் 2தீற்றா = 2 சைன் தீற்றா" (தீற்றா என்பது கோணம்) என்ற பிழையான சமன்பாடுகூட 0 பாகையில் சரியாகத்தான் தெரியும். 30 பாகையில் ஒரு பக்கம் 0.866, மறுபக்கம் 1 என்று உடனே பிடிபடும்.

வினா சரி என்றால் அதை முழுதாக அனுப்புங்கள். அடைபட்ட பகுதியை மட்டும் வெட்டி அனுப்புவதுதான் அதிகம் நடக்கும் பிழை. "இதிலிருந்து", "உய்த்தறிக" என்று தொடங்கும் பகுதி மேலே நிறுவிய முடிவில்தான் நிற்கிறது. மேற்பகுதியைக் காணாதவர் நீண்ட வேறு வழியில் செய்து தருவார், பரீட்சையில் அந்த வழிக்குப் புள்ளி கிடைக்காமல் போகலாம். தீற்றாவின் வீச்சையும் விடாதீர்கள். 0 முதல் 180 பாகை வரையா, 360 வரையா, பொதுத் தீர்வா என்பதைப் பொறுத்து விடை மாறும்.

வட்ஸ்அப்பில் அனுப்பும்போது தட்டச்சு செய்வதைவிடக் கையால் எழுதிப் படம் எடுப்பது நல்லது. தட்டச்சில் சைன் வர்க்கம் தீற்றாவும் சைன் 2தீற்றாவும் ஒன்றுபோலத் தெரியும், வர்க்கமூலக் குறி எதுவரை மூடுகிறது என்பதும் தெரியாது. பகல் வெளிச்சத்தில், ஒரு கணக்குக்கு ஒரு தாள் என்று எடுங்கள். உங்கள் செய்கை முழுவதும் அதில் இருக்கட்டும், வெட்டிய வரிகள் உட்பட. அடைபட்ட வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளடி போடுங்கள். செய்தி இப்படி இருக்கலாம்:

"சேர், சைன் தீற்றா + கோஸ் தீற்றா = 1. வீச்சு 0 பாகையிலிருந்து 360 வரை, 360 சேராது. இரண்டு பக்கமும் வர்க்கித்துப் பார்த்தன், சைன் 2தீற்றா = 0 எண்டு வருது. எனக்கு 0, 90, 180, 270 எண்டு நாலு விடை. புத்தகத்தில 0, 90 மட்டும்தான் இருக்கு. மற்ற ரெண்டும் ஏன் வராது?"

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம்: வர்க்கித்தபோது இடப்பக்கம் −1 ஆகும் கோணங்களும் உள்ளே வந்துவிட்டன. 180, 270 இரண்டிலும் கூட்டுத்தொகை −1. வர்க்கித்தால் கிடைக்கும் விடைகளை மூலச் சமன்பாட்டில் பிரதியிட்டுப் பார்த்தே ஆகவேண்டும்.

அடைபடும் இடங்கள் பெரும்பாலும் இந்த வகைதான். சைன் 2தீற்றா = சைன் தீற்றா என்பதில் இரு பக்கத்தையும் சைன் தீற்றாவால் வகுத்தால், சைன் தீற்றா = 0 தரும் விடைகள் தொலைந்துபோகும். வகுக்காமல் காரணிப்படுத்துங்கள். சமனிலியிலும் இதே கதை: எக்ஸின் கீழ் 1 (1/x) என்பது 2 இலும் சிறியது என்றால், எக்ஸால் பெருக்கி "எக்ஸ் அரையிலும் பெரியது" என்று நிறுத்துவது பிழை, ஏனென்றால் எக்ஸ் மறையானால் சமனிலி திரும்பும். எக்ஸின் வர்க்கத்தால் பெருக்கினால் எக்ஸ் பூச்சியத்திலும் சிறியதாக உள்ள விடையும் கிடைக்கும். கேட்கமுதல் உங்கள் செய்கையில் வர்க்கித்தது, வகுத்தது, பெருக்கியது எங்கே என்று தேடினால் பாதிக் கேள்விகள் அங்கேயே தீரும்.

யாரிடம் கேட்பது? குறிப்பிழை, சுருக்கல் போன்றவற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற சிநேகிதர் போதும். வழியே பிடிபடவில்லை என்றால், அண்மையில் உயர்தரம் எழுதி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானமோ பொறியியலோ படிக்கிற அண்ணா, அக்காமாரைக் கேளுங்கள். எங்கே சறுக்கும் என்பது அவர்களுக்கு இன்னும் மறக்கவில்லை. எத்தனை படி எழுதினால் புள்ளி வரும் என்ற கேள்வியைப் பாடசாலை ஆசிரியரிடம் வைத்திருங்கள். பரீட்சை வினாத்தாளின் A பகுதியில் ஒரு வினாவுக்கு 25 புள்ளி, B பகுதியில் 150. அந்தப் புள்ளிகள் வரிவரியாகப் பிரிவதை விடை திருத்திப் பழகியவரே சரியாகச் சொல்வார். ஆட்கள் நிறைந்த ரியூசன் வகுப்பில் நடுவில் எழும்பிக் கேட்பதைவிட, கேள்வியைத் துண்டுத் தாளில் எழுதி வகுப்பு முடிய சேரிடம் கொடுங்கள்.

விளக்கம் கிடைத்ததும் விளக்கியவர் எழுதிய தாளை மூடிவைத்து, அடுத்த நாள் வெற்றுத் தாளில் அதே கணக்கைச் செய்யுங்கள். மறுபடியும் அதே வரியில் நின்றால் தயங்காமல் அவரிடமே திரும்பப் போங்கள், இம்முறை புதுச் செய்கையோடு.