அன்றாட மஞ்சள்: வாங்குவது, அரைப்பது, அளவோடு உண்பது

மஞ்சளைத் தினமும் மருந்துபோல உட்கொள்ள விரும்பும் ஒருவர், முதலில் தம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, அதில் இருக்கும் தூள் எந்த மஞ்சளிலிருந்து, எப்போது அரைக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். மஞ்சள் பாலின் பெருமையைப் பேசுகிற பலரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. எத்தனையோ மாதங்களுக்கு முன் அரைத்து, நிறம் வெளுத்து, மணம் போன தூளைப் பாலில் கலந்து குடிப்பதால் பெரிதாக எதுவும் கிடைக்கப்போவதில்லை. கலப்படத் தூளாக இருந்தால் கேடுதான் மிஞ்சும்.

உண்பதற்கு உரியது கறிமஞ்சள். இதில் தாய்க்கிழங்கைக் கிழங்கு மஞ்சள் அல்லது குண்டு மஞ்சள் என்றும், அதிலிருந்து கிளைத்து நீளும் விரல் போன்ற பகுதியை விரலி என்றும் சொல்கிறோம். சமையலுக்கும் மருந்துக்கும் விரலியே ஏற்றது. கஸ்தூரி மஞ்சள் வேறு இனம். அது மேனிக்குப் பூசுவதற்கு உரியது. மரமஞ்சள் என்று நாட்டு மருந்துக் கடையில் தருவது இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. காட்டில் படரும் ஒரு கொடியின் தண்டு அது. பெயரில் மஞ்சள் இருப்பதால் ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிப் பயன்படுத்தக் கூடாது.

தமிழ்நாட்டில் மஞ்சள் என்றதும் ஈரோடு நினைவுக்கு வருவதற்குக் காரணம் உண்டு. அங்கு விளையும் மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எட்டு, ஒன்பது மாதப் பயிரான மஞ்சளைத் தை பிறந்த பிறகு வெட்டியெடுத்து, ஓரிரு நாளிலேயே கொப்பரையில் வேகவைக்கிறார்கள். கிழங்கில் ஈர்க்குச்சியைக் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும்; அதுவே பதம். பிறகு பத்துப் பதினைந்து நாள் களத்தில் காயவைத்து, மேல்தோல் உதிருமாறு உருட்டி மெருகேற்றுகிறார்கள். ஐந்து கிலோ பச்சைக் கிழங்கு காய்ந்து ஏறக்குறைய ஒரு கிலோவாகச் சுருங்கும். வேகவைப்பதால் நிறம் கிழங்கு முழுவதும் சீராகப் பரவுகிறது, பச்சை வாடையும் நீங்குகிறது. பொங்கல் பானையில் கட்டிய மஞ்சள் கொத்தின் கிழங்கை அப்படியே காயவைத்து இடித்தால், கடையில் வாங்கும் மஞ்சளின் மணம் வராததற்குக் காரணம் இதுவே.

கடையில் விரலியைத் தேர்ந்தெடுக்கும்போது பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். மேற்பூச்சாகச் சாயம் ஏற்றுவது பழைய கெட்ட வழக்கம். வங்காளதேசத்தில் கிழங்கைப் பளிச்சென்று காட்டுவதற்காக ஈயக் குரோமேட் என்னும் மஞ்சள் சாயத்தைப் பூசி வந்ததும், அந்த ஈயம் மக்களின் இரத்தத்தில் சேர்ந்திருந்ததும் 2019-ல் வெளியான ஆய்வுகளில் தெரியவந்தன. ஆகவே சற்று மங்கலான, மண்நிறம் ஒட்டிய விரலியே மேல். ஒன்றை எடுத்து இரு கையாலும் வளைத்துப் பாருங்கள். நன்கு காய்ந்த விரலி வளையாமல் ‘டக்’கென்று முறியும். முறிந்த முகம் மெழுகு தேய்த்ததுபோல மினுங்கும். நடுவில் ஆழ்ந்த ஆரஞ்சு மஞ்சளும் ஓரத்தில் சற்று வெளிர்ந்த வளையமும் தெரியும். அதை மூக்கருகே கொண்டுபோனால் மண்வாசனையோடு இலேசான காரநெடி ஏற வேண்டும். முறிந்த இடத்தில் பொடி உதிர்ந்தாலோ ஊசித்துளைகள் தென்பட்டாலோ வண்டு புகுந்துவிட்டது என்று பொருள்.

வாங்கி வந்த விரலியை ஒருமுறை கழுவி, நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவையுங்கள். பிறகு உரலில் இட்டுச் சிறு துண்டுகளாக இடித்துக்கொள்ள வேண்டும். முழு விரலி மிக்ஸியின் பிளேடை உடைத்துவிடும். மாவு மில்லுக்குக் கொண்டுபோனால், மிளகாய் அரைத்த இயந்திரத்தில் உடனே அரைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுவது அவசியம். சிறிதளவு மிளகாய் கலந்தாலும் மஞ்சள் பால் தொண்டையை எரிக்கும். நான் ஒருமுறை சொல்ல மறந்து, அரைத்துவந்த தூள் முழுவதையும் குழம்புக்கென்றே ஒதுக்க வேண்டியதாயிற்று. அரைத்த தூள் சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு மூடினால் வியர்த்துக் கட்டிபிடிக்கும் என்பதால், தாளில் பரப்பி ஆறவிட்டுச் சலித்து, எவர்சில்வர் டப்பாவிலோ நிறக்கண்ணாடிப் புட்டியிலோ அடைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் சிதையும். அதனால் மூன்று மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து, மீதியை விரலியாகவே வைத்திருப்பது நல்லது.

தூளாகவே வாங்க வேண்டியிருந்தால், ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டித் தூளைத் தூவிக் கலக்காமல் விடுங்கள். நல்ல தூள் மெல்ல அடியில் படிந்து, மேல்நீரை வெளிர்மஞ்சளாக விடும்; சாயம் கலந்த தூளின் நீர் அடர்மஞ்சளாகும். சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதா என்று பார்ப்பது வீட்டு வழக்கம். அது மஞ்சள் இருக்கிறது என்பதைக் காட்டுமே ஒழிய, கலப்படம் இல்லை என்பதைக் காட்டாது. ஈயம் இல்லை என்பதையோ வீட்டுச் சோதனை எதுவும் உறுதியாகக் காட்டாது. விரலியாக வாங்கி அரைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி உண்ணும் முறை. மஞ்சளுக்கு நிறம் தருவதும், ஆய்வாளர்கள் பெரிதும் ஆராய்வதும் குர்குமின் என்ற பொருள்தான். தூளில் அது பெரும்பாலும் நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு வரை இருக்கும். அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். குடலிலிருந்து இரத்தத்துக்கு மிகச் சிறிதளவே போய்ச் சேரும். பெங்களூரு ஆய்வாளர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது, இரத்தத்தில் சேர்ந்த அளவு 20 மடங்கு கூடியது. பருப்பு வேகும்போதே மஞ்சள்தூளும் ஒரு சொட்டு நல்லெண்ணெயும் விடுகிற கை, மஞ்சள் பாலில் மிளகைத் தட்டிப்போடுகிற கை ஆகியவற்றின் பழக்கம் இந்தக் கணக்கோடு ஒத்துப்போவதைக் காணும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

மஞ்சள் பாலுக்கு ஒரு தம்ளர் பால், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், ஒன்றிரண்டாகத் தட்டிய மூன்று மிளகு போதும். பாலில் தூளைச் சேர்த்துச் சிறுதீயில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். மேலே முதலில் தூளாக மிதப்பது சிறிது சிறிதாக ஆடையோடு சேர்ந்து, பால் சந்தன நிறத்துக்கு வரும். பச்சை வாடை அடங்குவதும் அப்போதுதான். பனங்கற்கண்டை இறக்கிய பின் சேர்ப்பது நல்லது. பால் பிடிக்காதவர்கள் தனியாக எதையும் செய்ய வேண்டியதில்லை. சாம்பார், ரசம், பொரியல் என்று நாளெல்லாம் எண்ணெயோடும் மிளகோடும் சேர்ந்து வரும் மஞ்சளே அன்றாடத்துக்குப் போதுமானது. தாளிக்கும்போது காய்ந்த எண்ணெயில் நேரடியாகத் தூளைப் போட்டால் நொடியில் கருகிக் கசக்கும். காயையோ தண்ணீரையோ சேர்த்த கையோடு போட வேண்டும்.

அளவுக்கு வருவோம். இந்திய ஆயுர்வேத மருந்தியல் நூல் மஞ்சள்தூளுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 3 கிராம் வரை என்று அளவு சொல்கிறது. தலைதட்டிய ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 3 கிராம். அதில் நூற்றுக்கு 3 பங்கு குர்குமின் என்று கொண்டால் 90 மில்லிகிராம் ஆகிறது. உணவில் சேரும் குர்குமினுக்குப் பன்னாட்டு நிபுணர் குழு வகுத்த உச்ச அளவு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 3 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 180 மில்லிகிராம். சமையலறைக் கை இந்த வரம்பைத் தாண்டுவது அரிது.

இப்போது கடைகளில் கிடைக்கும் கேப்ஸ்யூல்களைப் பாருங்கள். 500 மில்லிகிராம் கேப்ஸ்யூலில் 95 விழுக்காடு குர்குமினாய்டுகள் (குர்குமினும் அதன் இனப் பொருள்களும்) என்று அச்சாகியிருந்தால், ஒன்றிலேயே 475 மில்லிகிராம் இருக்கிறது. அதைத் தூளிலிருந்து பெற வேண்டுமானால் ஏறக்குறைய 16 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டிக்கு மேல் உண்ண வேண்டும். அதோடு உறிஞ்சுதலைக் கூட்டப் பைப்பரினும் சேர்த்திருப்பார்கள். எந்தப் பாட்டியும் எந்தச் சித்த மருத்துவரும் தினந்தோறும் தந்திராத அளவு இது. ஆகவே ‘நம் முன்னோர் உண்டது’ என்ற நம்பிக்கையைக் கேப்ஸ்யூலுக்கு மாற்றித் தருவது தவறு என்பது என் உறுதியான கருத்து. இத்தகைய செறிவான தயாரிப்புகளை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டது இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியுள்ளது. ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் இதுகுறித்து எச்சரிக்கை விடுத்தது. சமையலில் சேர்க்கும் அளவுக்கு அந்த எச்சரிக்கை பொருந்தாது என்பதையும் அதுவே தெளிவுபடுத்தியது.

பித்தப்பைக் கல் உள்ளவர்கள், பித்தநாள அடைப்பு உள்ளவர்கள், வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்தோ சர்க்கரை நோய் மருந்தோ உட்கொள்பவர்கள், கருவுற்றிருப்பவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் உணவின் அளவைத் தாண்டக் கூடாது. சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல் வந்தவர்களுக்கும் இது பொருந்தும். இரும்புச் சத்துக் குறைவுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் மாத்திரையையும் மஞ்சள் பாலையும் ஒரே நேரத்தில் உட்கொள்ள வேண்டாம். குர்குமின் இரும்பைப் பற்றிக்கொள்ளும் தன்மையுடையது, பாலும் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், கேப்ஸ்யூல் சாப்பிட்டு வருவதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கேப்ஸ்யூலைத் தொடங்கிய சில வாரங்களிலோ மாதங்களிலோ பசியின்மை, குமட்டல், ஓயாத சோர்வு, தோல் அரிப்பு, கண் மஞ்சளித்தல், சிறுநீர் கருத்துப்போதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். போகும்போது அந்தப் புட்டியையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். அதில் அச்சாகியிருக்கும் அளவும், மிளகுச் சாறு சேர்ந்திருக்கிறதா என்ற விவரமும் அவருக்குத் தேவைப்படும்.