வெட்டிவேரை வீணாக்காதீர்கள்: கடலூர், புதுவை வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்னி நட்சத்திரம் நெருங்கினால் நாட்டு மருந்துக் கடைகளில் வெட்டிவேர் கேட்பவர்கள் கூடிவிடுவார்கள். வேர் நமக்குப் பக்கத்திலேயே விளைகிறது. கடலூருக்குத் தெற்கே நொச்சிக்காடு, தியாகவல்லி பக்கத்து மணல் நிலம் அதற்கு நல்ல தோது. மணலில் வேர் தடையில்லாமல் இறங்கும், தோண்டும்போது அறுபடாமல் கொத்தாக வரும். நட்டு ஏறக்குறைய ஓராண்டு ஆன பிறகே வேரில் எண்ணெய் நன்றாகப் பிடிக்கும். அப்படி விளைந்த வேரைத்தான் பலர் ஒரே வாரத்தில் கொழகொழக்க வைத்துக் குப்பையில் போடுகிறார்கள்.

வெட்டிவேரின் எண்ணெய் கனமானது. லாவெண்டர் பூவின் எண்ணெய் மாதிரிச் சட்டென்று ஆவியாகிவிடாது. ஈரம் பட்டால் மணம் எழும்பும், காய்ந்தால் வேருக்குள் அடங்கி நிற்கும். ஆகவே நனைப்பது, காயவைப்பது இரண்டும் மாறி மாறி நடக்க வேண்டும். நம் வீடுகளில் நனைப்பது மட்டும் நடக்கிறது, கடலோர ஈரக்காற்றில் மிச்சத்தைப் பூஞ்சணம் பார்த்துக்கொள்கிறது.

வாங்கும்போதே நடக்கும் தவறு

எண்ணெய் இறக்கிய சக்கையும் வெட்டிவேர் என்ற பெயரில் விற்பனைக்கு வருவதுண்டு. கருத்த பழுப்பாக இருக்கும், வளைத்தால் படக்கென்று ஒடியும், முகர்ந்தால் வெந்த வைக்கோல் வாசம் வரும். நல்ல வேர் மஞ்சள் கலந்த பழுப்பு. மெல்லிய சல்லிவேர்கள் பின்னிக் கிடக்கும், சுருட்டிவிட்டால் துள்ளி விரியும். சந்தேகமாக இருந்தால் நாலைந்து இழைகளை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள். நல்ல வேரில் முதல் மழை மண் வாசம் மேலே வரும். உலர்ந்திருக்கும்போது தூக்கலாக மணந்து, நனைத்ததும் ஒன்றுமில்லாமல் போனால் மேலே சென்ட் தெளித்த சரக்கு.

கடைக்காரர் விலாமிச்சை வேரை எடுத்துக் கொடுத்தால் அது வேறு செடி, துளசிக் குடும்பம். மணம் இருக்கும் என்றாலும் சன்னலில் கட்டும் வேர்த் தட்டிக்கும் தண்ணீருக்கும் இங்கே சொல்லும் அளவுகள் அதற்குப் பொருந்தாது.

பானைத் தண்ணீர்

பத்து லிட்டர் பானைக்கு ஒரு சின்னப் பிடி வேர், அதாவது ஐந்து முதல் பத்து கிராம், தாராளம். கூடப் போட்டால் மணம் கூடாது, தண்ணீர் லேசாகக் கசக்கும். முதலில் அரை மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். அலசிய நீரைச் சற்று நேரம் அப்படியே வைத்தால் அடியில் எவ்வளவு மணல் படிகிறது என்று தெரியும். மணல் வராத வரை, மூன்று நான்கு முறை, நீரை மாற்ற வேண்டும். பிறகு வெள்ளைப் பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டிப் போடுங்கள். இறுக்கிக் கட்டினால் நடுவில் இருக்கும் வேருக்குள் நீர் போகாது, அது காய்வதற்கும் நாளாகும்.

இரவு போட்டால் காலையில் மணம் ஏறியிருக்கும். இரண்டாம் நாள் மூட்டையை எடுத்துப் பிரித்து, வேரை உதறி, நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். இப்படி நான்கைந்து முறை பயன்படுத்தலாம். அதற்காகவே இரண்டு மூட்டை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. ஒரே மூட்டையை வாரக்கணக்கில் பானையிலேயே விட்டால் துணியின் மேல் வழவழப்பு படியும். அது கிருமிப் படலம். தொட்டுப் பார்த்து வழுக்கினால் வேர், துணி, தண்ணீர் மூன்றையும் கொட்டிவிட்டு, பானையைத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.

வெட்டிவேர் தண்ணீரைச் சுத்திகரிக்கும் என்ற நம்பிக்கைதான் இதில் ஆபத்தானது. மணம் தரும், அவ்வளவே. வயிற்றுப்போக்குக் கிருமியை அது கொல்லாது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறிய பிறகே வேரைப் போட வேண்டும். கொதிக்கும் நீரில் வேரைச் சேர்த்துக் காய்ச்சினால் மணம் நீராவியோடு போய் கசப்பு தங்கும். ஆறு மாதம் நிரம்பாத கைக்குழந்தைக்கு வெட்டிவேர்த் தண்ணீரோ வேறு எந்தத் தண்ணீரோ வேண்டாம், தாய்ப்பாலில் இருக்கும் நீரே போதும்.

சர்பத் வாங்குபவர்களுக்கு ஒரு சொல்: வேரில் இறங்கும் சாறு வெளிர் பழுப்பு. பாட்டிலில் தெரியும் பச்சை சேர்த்த நிறம்.

தட்டி: காற்றைப் பார்த்து நனையுங்கள்

கடலோரத்தில் அதிகம் ஏமாற்றம் தருவது இதுதான், காரணமும் காற்றில்தான் இருக்கிறது. தட்டியில் உள்ள நீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. காற்று காய்ந்திருந்தால்தான் நீர் ஆவியாகும். மே, ஜூனில் காலையிலிருந்து அனல் வீசும் மேல்காற்று தரைப்பக்கத்திலிருந்து வருவது, அது காய்ந்த காற்று. மேற்குப் பார்த்த சன்னலில் தட்டியைக் கட்டி அந்த நேரத்தில் நனைத்தால் அறைக்குள் வரும் காற்று சில்லென்று மாறும். பிற்பகலில் கடல்காற்று திரும்பியதும் கதை வேறு. அதில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும். அப்போதும் தண்ணீர் தெளித்தால் குளிர்ச்சி வராது, புழுக்கம்தான் கூடும். கடல்காற்று தொட்டவுடன் தட்டியைச் சுருட்டி மேலே ஏற்றிக் காற்றை நேராக உள்ளே விடுங்கள்.

தெரிந்துகொள்ள எளிய வழி: தட்டியை நனைத்துக் கால் மணி நேரம் கழித்து உட்புறம் கையை நீட்டுங்கள். காற்று வெளியே இருப்பதைவிடக் குளிர்ந்திருந்தால் தொடர்ந்து நனைக்கலாம். வித்தியாசம் தெரியாவிட்டால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

எதிர்ச் சன்னலைச் சாத்தி வைப்பது அடுத்த தவறு. உள்ளே வந்த ஈரக்காற்று வெளியேற வழி வேண்டும். குறைந்தது எதிர்க்கதவையாவது ஒரு சாண் திறந்து வையுங்கள். கதவு சன்னல் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு ஏர்கூலர் ஓட்டும் வீடுகளிலும் இதே கோளாறுதான்.

பிறகு தண்ணீர். கடற்கரையை ஒட்டிய பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. அதைத் தெளித்தால் நீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்கும். சில வாரங்களில் வேர் முழுக்க வெள்ளை பூத்து விறைத்துவிடும், இடைவெளி அடைபட்டுக் காற்று நுழையாது. நல்ல தண்ணீர் தட்டுப்பாடு என்றால் நாளெல்லாம் உப்புநீர் ஊற்றுவதைவிட இரண்டு மணி நேரம் மட்டும் நல்ல தண்ணீர் தெளிப்பது மேல். தெளிப்பதும் சொட்டச் சொட்ட வேண்டாம், கை வைத்தால் ஈரம் ஒட்டுகிற அளவு போதும்.

சொட்டும் நீருக்கு அடியில் வைக்கும் தட்டை மறந்துவிடாதீர்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட தெளிந்த நீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஆகவே தட்டை தினமும் கொட்டிவிடுங்கள், வாரம் ஒருமுறை ஓரங்களைத் தேய்த்துக் கழுவுங்கள், முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். வாரம் ஒருநாள் தட்டியையும் கழற்றி முழுக்க உலர்த்த வேண்டும். கறுப்புப் புள்ளி தெரிந்தால் அது பூஞ்சணம். அதன் வழியாக வரும் காற்று ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது.

பீரோவும் பட்டுப்புடவையும்

வேரை அப்படியே பட்டின் மேல் வைக்காதீர்கள், சல்லிவேர் ஜரிகையில் சிக்கி இழுத்துவிடும். பருத்தித் துணிப் பையில் போட்டு அடுக்கின் ஓரத்தில் வையுங்கள். பக்கத்தில் அந்துருண்டை இருந்தால் வெட்டிவேர் மணம் எடுபடாது. மணம் மங்கியதும் தூக்கிப் போட வேண்டாம். வேரின் மேல் நீர் தெளித்து, நிழலில் மொறுமொறுவென்று காயவைத்துத் திரும்ப வைத்தால் மறுபடி மணக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள், வேர் காயாது. அரைகுறை ஈரம் புடவை மடிப்பில் கறையாக வந்து நிற்கும்.

குளியல் பொடிக்கு முழு வேரை மில்லுக்குக் கொடுத்தால் நார் பொடியாகாமல் சுற்றிக்கொள்ளும். கத்தரியால் அரை அங்குலமாக நறுக்கி, அரைக்கப் போகும் அன்று மட்டும் வெயிலில் கொஞ்ச நேரம் காட்டி, பச்சைப்பயறோடு கலந்து அரையுங்கள். ஒரு கிலோ பயறுக்கு 50 கிராம் வேர் போதும். அரைத்ததை மெல்லிய துணியில் சலிக்காவிட்டால் நார்த்துணுக்கு தோலைக் கீறும், குழந்தைகளுக்கு நிச்சயம் எரியும்.

தலைக்குத் தேய்க்கும் எண்ணெயில் ஈர வேரைப் போடுவது பெரிய தவறு. எண்ணெய்க்குள் போன ஈரம் வெளியேற வழியில்லாமல், சில நாளில் சிக்கு வாசம் அடிக்கும். அரை லிட்டர் தேங்காய் எண்ணெய்க்கு 20 கிராம் வேர். கழுவி, இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்தி, ஒடித்தால் சத்தம் கேட்கும் பதத்தில் நறுக்கிப் போட்டு, மூடிய கண்ணாடிக் குப்பியில் ஒரு வாரம் இளவெயில் காட்டி வடிகட்டுங்கள். அடுப்பில் வேர் கருகும்வரை காய்ச்சினால் கருகல் வாசம்தான் மிஞ்சும்.

கடையில் சின்னக் குப்பியில் விற்கும் வெட்டிவேர்த் தைலம் இதுவல்ல, அது வடித்தெடுத்த செறிவான எண்ணெய். அதைக் குடிநீரில் விடக்கூடாது, அப்படியே தோலில் தடவவும் கூடாது. 100 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு ஒரு மில்லி, ஏறக்குறைய இருபது சொட்டு. முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பாருங்கள், சிவந்தால் விட்டுவிடுங்கள்.