தேங்காய் ரொட்டி: மலைநாட்டுக் குளிரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடியற்காலையில் சுட்டுக் கட்டிக் கொண்டுபோன ரொட்டி, பத்து மணித் தேத்தண்ணிக்குப் பிரிக்கும்போது பலகையாகக் கிடந்தால் பழி கோதுமை மாவின் தலையில்தான் விழும். மா அநேகமாக நன்றாகவே இருந்திருக்கும். தண்ணீரின் சூடு, கல்லின் சூடு, சுட்டதும் வைத்த இடம், இந்த மூன்றில் ஒன்றுதான் வழக்கமாகக் காலை வாரும்.

எட்டு ரொட்டிக்கு அளவு இது: கோதுமை மா 500 கிராம், ஒரு மூடித் தேங்காயின் பூ (100 முதல் 120 கிராம்), உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, இளஞ்சூடான தண்ணீர் 250 மில்லிலீற்றர் அளவில்.

தேங்காய் விலைக்குப் பயந்து, கறிக்குப் பால் பிழிந்த சக்கையை மாவில் போடுகிறவர்கள் உண்டு. ரொட்டியை மென்மையாக வைப்பதே அந்தப் பாலும் எண்ணெயும்தான். சக்கையில் நார்தான் மிஞ்சும், ரொட்டி வறண்டுபோகும். பாலுக்கு ஒரு மூடி, ரொட்டிக்கு ஒரு மூடி என்று பிரித்துக்கொள்ளுங்கள். திருவும்போது சிரட்டையை ஒட்டிய பழுப்புத் தோலை விட்டுவிடலாம்.

அடுத்தது பச்சைத்தண்ணீர். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; அங்கே விடிகாலைக் குழாய்த் தண்ணீரில் கை விறைத்துவிடும். அந்தத் தண்ணீரை மா மெதுவாகத்தான் குடிக்கும். போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். கால் மணி நேரத்தில் எல்லாம் கையில் ஒட்டும். மறுபடி மா தூவினால் உப்பும் தேங்காயும் குறைந்து, வெறும் மாச் சுவைதான் வரும். கை தாங்கும் சூட்டில் தண்ணீர் எடுங்கள். முக்கால் பங்கை முதலில் ஊற்றி, மிச்சத்தைத் தெளித்துத் தெளித்துச் சேருங்கள். மழை மாதங்களில் மாவே ஈரம் இழுத்து வைத்திருக்கும். தண்ணீர் சற்றுக் குறைவாகவே போதும்.

மாவில் தேங்காய் எண்ணெயும் சேர்ப்பதானால், அதற்கும் இதே கதை. 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும் என்பது போத்தலைப் பார்த்தாலே தெரியும். கட்டியாகக் கிள்ளி மாவில் போட்டால் திட்டுத் திட்டாக நிற்கும். உருக்கியே ஊற்ற வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் இருந்த தேங்காய்ப்பூவையும் அறைச் சூட்டுக்கு வரவிட்டு, தண்ணீர் ஊற்றுமுன் உப்போடும் மாவோடும் விரல் நுனியால் பிசிறுங்கள். புட்டுக்குப் பிசிறுவதுபோல, ஆனால் அவ்வளவு நேரம் வேண்டாம்.

பிறகு, சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரி இதையும் போட்டு அடிப்பது. சப்பாத்தி மாவுக்கு எட்டு, பத்து நிமிடம் பிசைந்தால்தான் மெல்லியதாகத் தேய்க்க வரும். தேங்காய் ரொட்டிக்கு மா திரண்டு, சட்டியை விட்டு விலகினால் போதும். இரண்டு மூன்று நிமிட வேலை. மேலே பிசையப் பிசைய மாவின் பசை இறுகி, ரொட்டி ரப்பராகும். தட்டும்போது ஓரம் உள்ளே சுருங்கி ஓடினால் மா இன்னும் களைப்பாறவில்லை என்று அர்த்தம். ஈரத்துணி மூடி அரை மணி நேரம் விடுங்கள். குளிர் கடுமையான நாளில் அடுப்பு மேடை ஓரத்தில், நேரடிச் சூடு படாத இடத்தில் வைத்தால் நல்லது. அப்பச்சோடா, பேக்கிங் பவுடர் எதுவும் இந்த ரொட்டிக்குத் தேவையில்லை.

வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்ப்பதானால் தட்டுவதற்குச் சற்று முன் சேருங்கள். உப்பு பட்ட வெங்காயம் தண்ணீர் விடும். அரை மணி நேரம் மாவோடு கிடந்தால் உருண்டை தளர்ந்துவிடும்.

தட்டும் கனம் ஐந்தாறு மில்லிமீற்றர், அகலம் ஒரு சாண் அளவுக்குச் சற்றுக் குறைவு. நடுவில் மேடாக விட்டால் அங்கே வேகாது. கல் புகையும்வரை காய்ந்திருந்தால் மேலே கரிந்து உள்ளே மாவாக இருக்கும். விறகடுப்பில் இது அதிகம் நடக்கும், எரியும் விறகை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் சுடுங்கள். தீ மிகவும் குறைந்தாலும் கேடுதான்: வேகுவதற்குள் ஈரமெல்லாம் போய் ரொட்டி வறட்டியாகிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் இரண்டு மூன்று விநாடி சீறி மறைய வேண்டும், அதுதான் பதம். பக்கத்துக்கு மூன்று நிமிடம் விட்டு, ஓரத்தை ஒரு துணியால் அழுத்திச் சுற்றிவிடுங்கள். கல்லில் எண்ணெய் வேண்டாம்.

சுட்டதைத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடி ரொட்டி வேர்த்து ஊறிப்போகும். திறந்து வைத்தாலோ குளிர்காற்றில் கல்லாகும். ஒரு நிமிடம் ஆவி போகவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி, பிறகு டப்பாவில் வையுங்கள். சூட்டோடு லஞ்ச் சீட்டில் (சோறு கட்டும் பிளாஸ்டிக் தாளில்) கட்டினால் நீர் கோத்துப் பிசுபிசுக்கும்.

மிஞ்சிய ரொட்டியைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைப்பதைவிட வெளியே துணியில் வைப்பது மேல். உறையாத குளிரில்தான் மாப்பண்டம் வேகமாக இறுகும். மறுநாள் இரண்டு பக்கமும் ஈரக்கையால் தடவி, மிதமான கல்லில் மூடி போட்டுப் பக்கத்துக்கு ஒரு நிமிடம் வைத்தால், மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டச்சம்பலோடு தொட்டுக்கொள்ளும் பதத்துக்கு வந்துவிடும்.