அமெரிக்கா துப்பாக்கி வயசு நியூஸ எப்படிப் படிக்கிறது

மஞ்சக்குப்பம் டீக்கடைல நேத்து ஒரே சண்டை, டீ ஆறி ஆடை கட்டிடுச்சு, அமெரிக்கால ஏதோ ஒரு ஸ்டேட்ல 21 வயசுக்குள்ள துப்பாக்கியே கூடாதாம்னு. இப்படி நியூஸ் வந்தா மொதல்ல அது வெறும் பில்லா (மசோதா), சட்டமாவே ஆயிடுச்சான்னு பாருங்க, நெறைய பில் கமிட்டியிலயே படுத்துரும். அப்புறம் தடை, துப்பாக்கிய வாங்குறதுக்கா, கையில வெச்சுக்கறதுக்கா? இங்கதான் நம்மாளுங்க கோட்ட விடுறாங்க, 2018ல புளோரிடா 21ன்னு ஏத்துனது வாங்குறதுக்குத்தான். எந்தத் துப்பாக்கின்னும் பாருங்க, 1968 ஃபெடரல் (அமெரிக்கா முழுக்கப் பொதுவான) சட்டப்படி டீலர் ரைஃபிள 18 வயசுக்கு விக்கலாம், பிஸ்டலுக்கு 21. போலீஸ், மிலிட்டரிக்கு விலக்கு இருக்கான்னும் தேடுங்க. நம்மூர்ல 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸுக்கே 21 ஆகணும், அது தெரியாமதான் அவ்ளோ சத்தம்.