முள்கம்பி கிழித்த குதிரைக்கால்

சவாரிக் குதிரைக்கும் வண்டிக் குதிரைக்கும் அடிக்கடி அடிபடும் இடம் முழங்காலும் அதற்குக் கீழும். ஊட்டி, கொடைக்கானலில் வேலை முடிந்து மேய விடும் மட்டக்குதிரை வேலிக்கம்பியிலும் உடைந்த பாட்டிலிலும் காலைக் கிழித்துக்கொள்ளும். ஜட்கா குதிரை தார் ரோட்டில் வழுக்கி முட்டியைத் தேய்த்துக்கொள்ளும். அங்கே தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் சதை கிடையாது, தசைநாரும் மூட்டும்தான். சின்னக் கிழிசல்கூட ஆறப் பல வாரம் ஆகும். அத்தனை வாரமும் அந்தக் காலைத் தொட்டாக வேண்டும். குதிரை காலை நம்பிக் கொடுக்குமா, உதைக்குமா என்பது முதல் இரண்டு மூன்று நாளில் உங்கள் கை பழகும் விதத்தைப் பொறுத்தது.

ரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை மடித்து வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டாம். தாடையின் அடியில் நாடி பாருங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். 60-ஐத் தாண்டினால் வலியோ ரத்த இழப்போ கடுமை என்று பொருள். 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

மூட்டுக்குப் பக்கத்தில் காயம் பட்டு, மஞ்சளாகப் பிசுபிசுப்பான நீர் கசிந்தால் காயம் எவ்வளவு சிறியதானாலும் அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். மூட்டுக்குள் சீழ் பிடித்தால் குதிரையின் வேலைக்காலம் அதோடு முடிந்துவிடக்கூடும். கால் ஊன்றாவிட்டாலும், நிற்கும்போது குளம்பின் முனை மேலே தூக்கிக்கொண்டாலும் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். தையல் போட வேண்டிய காயத்துக்கு முதல் ஆறு முதல் எட்டு மணி நேரம் பொன்னானது. உள்ளங்குளம்பில் ஆணி ஏறியிருந்தால், அது மேலும் உள்ளே போகாத வரை பிடுங்காதீர்கள். எந்தத் திசையில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று மருத்துவர் பார்க்கட்டும்.

கழுவுவதற்கு ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது தலைதட்டி ஒன்றரை டீஸ்பூன். பெரிய சிரிஞ்சால் பீச்சி, மண்ணும் முடியும் போகும் வரை கழுவுங்கள். போவிடோன் அயோடின் சேர்ப்பதானால் லிட்டருக்கு 10 மி.லி. போதும், லைட்டான டீயின் நிறம் வர வேண்டும். கெட்டியாக ஊற்றினால் கிருமியோடு புதிதாக வளரும் சதையும் சாகும். மஞ்சள்தூள், சுண்ணாம்பு, சாம்பல், வண்டி ஆயில், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். தூள் காயத்துக்குள் கட்டியாகி உறைந்து, அதன் அடியில் சீழ் வைக்கும்.

டெட்டனஸ் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டு விலங்குகளில் அந்த நோய்க்கு எளிதில் பலியாவது குதிரைதான்; கிருமி அதன் சாணத்திலும் லாயத்து மண்ணிலும் இருக்கிறது. வலி ஊசியை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மனிதருக்கு வாங்கிய டைக்ளோஃபெனாக்கை எடுத்துப் போடாதீர்கள். அந்த மருந்து ஏற்றிய விலங்குகளின் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகளைக் கொன்றதால் 2006-லேயே கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டது. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுகள் ஊட்டிக்கு அந்தப் பக்கத்தில்தான் வாழ்கின்றன.

காயக்கட்டுக்கு மூன்று அடுக்கு: காயத்தின் மேல் ஒட்டாத காஸ், அதன் மேல் இரண்டு மூன்று செ.மீ. பஞ்சு, கடைசியில் கிரேப் பேண்டேஜ். ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். குளம்பு ஆரம்பிக்கும் விளிம்பு வரை கொண்டுபோகாவிட்டால் அதற்குக் கீழே கால் வீங்கும். பஞ்சைக் குறைத்து இறுக்கினால் தசைநார் நசுங்கும். இந்தத் தவறுதான் அதிகம் நடக்கிறது. எதிர்க்காலையும் கட்டுங்கள், பாரம் முழுவதையும் அதுதான் சுமக்கிறது. அந்தக் குளம்பு சூடாகி, கணுக்கால் பின்புறம் நாடி துள்ளினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். சில வாரத்தில் செந்நிறச் சதை தோல்மட்டத்துக்கு மேல் எழும்பலாம். அதன் மேல் தோல் ஏறாது. துத்தம் வைத்துச் சுடாதீர்கள். மருத்துவர் சீவிவிடுவார். அந்தச் சதையில் நரம்பு இல்லாததால் வலிக்காது, ரத்தம் மட்டும் நிறைய வரும்.

இனி குதிரையின் மனசு. கட்டு மாற்றுவது ஒரே ஆளாக, ஒரே நேரமாக இருக்கட்டும். முன்பக்கம் இடது தோள் வழியாக, பேசிக்கொண்டே வாருங்கள். பிடரிமயிர் முடியும் தோள்மேட்டில் இரண்டு நிமிடம் சொறியுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று கடித்துச் சொறியும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பே தணியும். பிறகு கையை எடுக்காமல் தோளிலிருந்து காலுக்கு இறக்குங்கள். காது பின்னால் படிந்து, கண்ணுக்கு மேல் தோல் சுருங்கி, மூக்குத்துளை இறுகினால் அங்கேயே கையை நிறுத்துங்கள். தளர்ந்ததும் எடுங்கள். இதில் நேரம்தான் எல்லாம். அது உதறும்போது கையை எடுத்தால் உதறினால் விட்டுவிடுவார்கள் என்று கற்கும். அமைதியாக நிற்கும்போது எடுத்தால் நின்றால் போதும் என்று கற்கும். மண்டியிடாமல் குத்தவைத்து உட்காருங்கள், சட்டென விலக முடியும். வலிக்கும் வேலையை மட்டும் செய்துவிட்டுப் போய்விடாதீர்கள். மருந்து இல்லாமலும் ஒரு நாளைக்கு இரண்டு முறை வந்து, சொறிந்துவிட்டுப் போங்கள். சில நாளில் உங்கள் காலடிச் சத்தத்துக்கே கனைக்கும், காலைத் தானே தளர்த்திக் கொடுக்கும்.

வேலை நின்ற நாளிலேயே கொள்ளையும் தவிட்டையும் பாதிக்கும் கீழே குறைத்து, புல்லைக் கூட்டுங்கள். முழுத் தீனி கொடுத்து நிறுத்திவைத்த குதிரையைத் திடீரென வண்டியில் பூட்டினால் தொடைத்தசை கல்லாக இறுகி, சிறுநீர் காபி நிறத்தில் போகும். அப்போது ஓர் அடிகூட நடக்க வைக்காமல் மருத்துவரை வரச் சொல்லுங்கள்.

மருத்துவர் சம்மதித்த பின் கையில் பிடித்து, சமதரையில், காலை மாலை பத்து நிமிடம் நடத்துங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டலாம். அரை மணி நேரம் நொண்டாமல் நடந்தால் வெறும் சேணம் அல்லது காலி வண்டி, அதற்கும் பிறகுதான் ஆள். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் புறங்கையால் இரண்டு கால்களையும் தடவிப் பாருங்கள். காயம்பட்ட கால் மற்றதைவிடச் சூடாக இருந்தால் மறுநாள் ஓய்வு.